புயல் கதை இல்லாத படகுக்காரிக்கு ஸ்கிப்பர் சான்றிதழ் கோரி

அனுப்புநர்:
முன்னாள் படகோட்டி (விண்ணப்பதாரரின் தாய்மாமன்),
டீசல் பங்க் பின்புறம், படகுத்துறை.

பெறுநர்:
ஸ்கிப்பர் தகுதித் தேர்வு அலுவலர் அவர்கள்,
துறைமுக அலுவலகம், மாடி.

பொருள்: என் தங்கை மகளுக்கு "அனுபவம் போதாது" எனச் சான்றிதழ் மறுத்தது – மறுபரிசீலனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அவள் தேர்வுக்குக் கிளம்பும்போது, "உள்ள போனதும் நாலு புயல் கதை எடுத்து விடும்மா" என்று வாசல்வரை வந்து சொன்னவன் நான். "நடக்காதத எப்படி மாமா சொல்றது?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

1. கடலில் சந்தித்த பெரிய ஆபத்து எது என்று தாங்கள் கேட்டீர்களாம். அப்படி ஒன்றும் இல்லை என்றாளாம். அதன்பேரில் அனுபவம் போதாது என்று முடிவு செய்துள்ளீர்கள்.

2. ஆபத்துதான் அனுபவம் என்றால் சான்றிதழை எனக்குத் தாருங்கள். மூன்று முறை படகைக் கவிழ்த்தவன் நான். ஒருமுறை மூன்று மாடி உயர அலை அடித்ததில் என் சட்டை அடுத்த துறைமுகத்தில் கரையேறியது. இவளோ தீவுக்கு ஆளேற்றும் படகில் பல வருடமாகத் துணை ஓட்டுநர். ஒரு பயணியின் செருப்புகூட நனைந்ததில்லை.

3. சென்ற மாதம் ஒருநாள் மூடுபனி. நானும் படகில் இருந்தேன். படகின் தலைமை ஓட்டுநரான ஸ்கிப்பருக்குக் கால் சுளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்தபடி முடிவை அவளிடமே விட்டுவிட்டார். பாதி வழியில், திசை காட்டும் மிதவை விளக்கு பனியில் மறைந்தது. நான்தான் உடனே கரைக்குத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள். பயணிகள் சும்மா விடுவார்களா? "போய் சைக்கிள் ஓட்டும்மா" என்றார் ஒருவர். புது வேலையில் சேரப் போன பெண் ஒருத்தி அழுதேவிட்டாள். அந்தப் பெண்ணின் அலுவலகத்துக்கு இவளே போன் செய்து, தவறு தன்னுடையது என்று சொல்லி, அந்த வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தாள். இதையும் தங்களிடம் சொல்லவில்லை.

4. ஸ்கிப்பர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். சான்றிதழ் இல்லையென்றால் படகு வேறு ஆள் கைக்குப் போகும். ஸ்கிப்பரானதும் போட்டுக்கொள்ள வாங்கிய வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் அலமாரி அடியில் வைத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல மாமா" என்கிறாள்.

ஆகவே ஐயா அவர்கள் அவளை மறுபடி ஒருமுறை அழைத்து, எப்போதெல்லாம் படகைத் திருப்பினாய் என்று கேட்டருள வேண்டுகிறேன். அதற்கு அவளிடம் நிறையப் பதில் இருக்கிறது.

கையெழுத்துப் போடப் போகையில் மனசு கேட்கவில்லை. அன்று திருப்பச் சொன்னது நான் இல்லை. "பயப்படாம போ, மாமா இருக்கேன்ல" என்றுதான் சொன்னேன். அவள் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை, சுக்கானைத் திருப்பிவிட்டாள்.

இடம்: படகுத்துறை
தேதி: தங்கள் முடிவு வந்த மறுநாள்

இப்படிக்கு,
அன்று நனையாமல் வீடு திரும்பியவர்களில் ஒருவன்
(ஒப்பம்)