தட்டோடு ஆடினார்கள், அப்பா

லாரி ஓட்டிக்கொண்டே பாட்டுக் கட்டிய என் அப்பாவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்கள் ‘சாவி யார் கையில’ பாட்டை லோகா ஆண்டிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதை ஆட்டப் பாட்டாக்கிவிட்டார்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உங்களை டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போன நேரத்துக்கு, உடம்பு இன்னும் தானாக விழித்துக்கொள்கிறது. எழுந்து என்ன செய்வது? டீ போட்டுக் குடித்துவிட்டு பேக்டரி பஸ்ஸுக்காக நிற்கிறேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பது வருஷம் உங்கள் இசைக்குழுவில் பாடியவர் லோகா ஆண்டி. கறுப்பின அமெரிக்கப் பாடகிகளின் பழைய கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, “இதுதான் சோல், வயித்துலேர்ந்து வரணும்” என்று சொல்லி, பேனரில் ‘சோல் ராணி லோகா’ என்று போட்டவர் நீங்கள். மலாக்காவில் எந்தக் கல்யாண விருந்து என்றாலும் ராணிக்கு ஒரே வேலைதான். சனங்கள் சாப்பிடும்போது மெதுவான பாட்டுப் பாட வேண்டும். கேக் வெட்டியதும் மைக் சின்ன வயதுப் பாடகிக்குப் போகும், ஆட்டம் தொடங்கும். ஆண்டி பின்பக்கம் போய் ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவார். அவர் வாயைத் திறந்தால் கேட்டரிங்காரர் சட்டி மூடியைத் திறப்பார். அவ்வளவு பழக்கம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் ஆண்டி வீட்டுக்கு வந்தார். கடலோரத்து உம்பாய் ஊரில் மீன் சுடும் கடையில் காலையெல்லாம் இறால் உரித்துவிட்டு நேராக வந்திருந்தார். விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

“ரேணு, நான் ஆல்பம் போடப் போறேன். எல்லாம் ஆட்டப் பாட்டு.”

“இந்த வயசுலயா ஆண்டி?”

“பின்ன எந்த வயசுல? செத்தப்புறமா?”

ஐந்து பாட்டு தயார், ஆறாவதாக உங்கள் பாட்டு வேண்டும் என்றார். “ஒங்கப்பாகிட்ட நாலு தடவ கேட்டேன். உன் குரலுக்கு ஆட்டம் ஒத்துவராதுன்னாரு. இந்தப் பாட்ட மெதுவாத்தான் பாடணும், மெட்டத் தொடவே கூடாதுன்னாரு. இப்ப ஒன்கிட்ட கேக்கறேன்.”

முடியாது என்றேன். அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாதா? ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தை விற்ற வருஷம், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்து வீடுகளை இடித்துத் தள்ளிய வாரம், லாரி சீட்டில் உட்கார்ந்து நீங்கள் எழுதியது. எனக்கு ஏழு வயது. மாற்று வீடு கட்டித் தருகிறோம் என்று டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் மேடை போட்டுச் சொன்னார். நாம் தற்காலிகம் என்று மெர்லிமாவில் வாடகைக்கு வந்தோம். நீங்கள் அந்தத் தற்காலிக வீட்டிலேயே செத்துப் போனீர்கள். தோட்டத்துக்கு கேட் போட்டுப் பூட்டினார்கள். மாரியம்மன் கோயில் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதற்குப் போய் ஆட்டமா?

“அது கூத்தடிக்கிற பாட்டு இல்ல ஆண்டி,” என்று கத்தினேன். கத்தியபோது என் வாயில் உங்கள் குரல் வந்தது.

ஆண்டி கோபப்படவில்லை. “மரியாதையாத்தானே பாடினோம்? எத்தன கல்யாணத்துல பாடியிருப்பேன். ஒருத்தன், இது எந்த கேட்டு, எந்தச் சாவின்னு கேட்டிருப்பானா? கோழி நல்லாருக்குன்னுதான் சொன்னான். சனங்க மெல்லற வாயப் பாத்தே கெழவியாயிட்டேன்லா. ஒரு தடவ என் பாட்டுக்கு எந்திரிச்சு நிக்கட்டும்.”

இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள், அப்பா? நல்ல குரலை இத்தனை வருஷம் சட்டி மூடிகளுக்கு நடுவே நிற்க வைத்தோமே, அது மட்டும் அந்தப் பாட்டுக்கு மரியாதையா?

கொடுத்தேன். ஒரே நிபந்தனை, ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

தினேஷ் என்று ஒருவர் வீட்டு அறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துவிட்டு ரெக்கார்டிங் செய்கிறார். கெட்டிக்காரர்தான். ஆனால் ‘லயம்’ இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது, ‘சாமி உள்ள இருக்கு’ என்ற வரி கனமாக இருக்கிறது, இரண்டையும் எடுத்துவிடலாமா என்றார். ஆண்டிக்கே கொஞ்சம் ஆசைதான், பாட்டு ஓட வேண்டுமே. “புரியலன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்,” என்றேன். ஆண்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “போடு தம்பி, பொண்ணு சொன்னா சொன்னதுதான்,” என்றார்.

ஆல்பம் அட்டையில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வெள்ளிச் சட்டை போட்டு நிற்கிறார். பேஸ்புக்கில் என்னென்னவோ எழுதினார்கள். உங்கள் டிரம்ஸ்காரர் பெருமாள் அங்கிள் போன் பண்ணி, “மேடையிலேயே முட்டி கழண்டு விழப் போவுது, பிளாஸ்டர் எடுத்துட்டுப் போ,” என்றார். ஆண்டி அதைக் கேட்டுவிட்டு, “அவன் முட்டி கழண்டு பத்து வருஷமாச்சுன்னு சொல்லு,” என்றார்.

வெளியீட்டுக்குத் தனி மண்டபம் எடுக்க வழியில்லை. போன சனிக்கிழமை மெர்லிமாவில் அவருடைய அண்ணன் மகள் கல்யாண விருந்திலேயே முதல் தடவை பாடினார். ஏழரை மணிக்கு அறிவிப்பாளர், “இதோ நமது லோகா” என்றார். உடனே என்ன நடந்தது தெரியுமா? கேட்டரிங்காரர் மூடிகளைத் திறந்தார். முன்வரிசை விருந்தாளிகளைத் தவிர மொத்த மண்டபமும் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டது.

ஆண்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகுகளைப் பார்த்தார். எனக்கு வெளியே போய்விடலாம் போல இருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் தாள அடி விழுந்தது. தினேஷின் அந்த அடி நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது அப்பா. அதற்கு மேலே, வயிற்றிலிருந்து, அதே குரல்.

கேட்டைப் பூட்டிப் போனவரே, சாவி யார் கையில?
எங்க சாமி உள்ள இருக்கு, நாங்க ரோட்டு மேல.

வரிசையின் வாலில் இருந்த பெண்கள் தட்டோடு அசைந்தார்கள். பிறகு அவர்கள் முன்னால் நின்றவர்கள். சாம்பார்க் கரண்டியை வைத்திருந்தவர் கரண்டியாலேயே தாளம் போட்டார். மூன்றாவது தடவை ‘சாவி யார் கையில’ வந்தபோது பாதிப் பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடைப் பக்கம் வந்திருந்தார்கள். எல்லோரும் ஆண்டியைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள்.

சந்தோஷமாக எழுத வேண்டியதுதான். ஆனால் முன்வரிசையில் அந்த டத்தோவும் இருந்தார். நமக்கு வீடு தருவதாகச் சொன்ன அதே ஆள். மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவரும் எழுந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டு, ‘சாவி யார் கையில’ என்று வாய்விட்டுப் பாடினார். ஒன்றும் புரியாமல், நல்ல சிரிப்போடு. இதற்குத்தான் நீங்கள் பயந்தீர்களோ?

பாட்டு முடிந்து, பின்பக்கம் ஆண்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். “பாத்தீங்களா ஆண்டி, அந்த ஆளு கை தட்டுறான்.”

“பாத்தேன், பாத்தேன். தட்டட்டும்லா.” மூச்சு வாங்கினார். “மெதுவாப் பாடினப்ப மென்னுட்டுப் போயிட்டான். இப்ப வாயில ஏறிருச்சு. வீட்டுக்குப் போயும் பாடுவான். குளிக்கறப்பப் பாடுவான். என்னிக்காவது ஒரு நாள், என்னடா பாடறோம்னு தோணும்.”

“தோணலன்னா?”

“தோணலன்னா பாடிட்டே இருக்கட்டும்.”

அவர் சொல்வது சரியா என்று தெரியவில்லை. அந்த ஆளுக்குத் தோன்றும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, நம்புவதற்குச் சக்தியும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை பேக்டரி பஸ்ஸில் என் பின்சீட்டுப் பெண் அதை முணுமுணுத்தாள். பத்தொன்பது வயதுதான் இருக்கும். தோள் பக்கம் குனிந்து கேட்டாள். “அக்கா, லயம்னா என்னக்கா?”

பஸ் ஜாசின் தாண்டும்வரை சொன்னேன்.

அடுத்த மாதம் உங்கள் திதி. வாக்குக் கொடுக்கிறேன். படையல் வைத்த கையோடு லோகா ஆண்டியை ஏற்றிக்கொண்டு ஒன்பதாங்கட்டைக்குப் போவேன். அந்த கேட் முன்னால் காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்துவிட்டு, முழுச் சத்தத்தில் போடுவேன். காவலாளி வந்தால் சாவி இருக்கிறதா என்று கேட்பேன். முட்டி இடம் கொடுத்தால் ஆண்டி ஆடுவார். எனக்கு ஆட வராது. ஆனாலும் ஆடுவேன்.

ஆறாவது லயத்தில் பிறந்த உங்கள் மகள்,
ரேணு