மூன்று பிள்ளைகளின் பங்கு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவின் தலையணையில் பால் சிந்தியிருந்தது, எறும்பு வரவில்லை. முதலில் என் கண்ணில் பட்டது இதுதான். ஜன்னல் ஓரமாக எப்போதும்போல எறும்புச் சாரை போய்க்கொண்டுதான் இருந்தது. சுவரோடு இறங்கி, கட்டிலுக்குக் கிட்டே வந்ததும் ஒரு வளைவு போட்டு அலமாரிப் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. தரையில் விழுந்த பிஸ்கட் தூளை மட்டும் விட்டுவைக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தலையணை உறையைத் துவைத்துப் போட்டேன்.

இதற்கெல்லாமா கடிதம் என்று சிரிப்பாய். போனில் எனக்குப் பேச வராது. அத்தான் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, "பேசு, பேசு, அக்கா காத்துக்கிட்டிருக்கா" என்பார். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது ஒட்டிக்கொண்ட அதே நாக்கு அப்போதும் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் ஒட்டுவதில்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு முடி தோள் வரை வந்துவிட்டது. அத்தானுக்கு வரும் பெட்டிகளைப் பற்றி உன்னிடம் சொல்லியிருப்பார். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தரை துடைக்கும் மருந்து என்று கடைக்கு வரும் முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு கம்பெனி அனுப்புகிறது. வீட்டில் பயன்படுத்திப் பார்த்து எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். வேன் ஓட்டும் வேலை போன பிறகு முகம் தொங்கிக் கிடந்தவர், இப்போது காலையிலேயே குளித்துத் தலை வாரிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் ஒரு பற்பசை வந்தது. வாயில் வைத்ததும் ஓடிப்போய்த் துப்பிவிட்டு, "பல்லு நிக்கும், ஆளு நிக்கமாட்டான்னு எழுதிடவா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

இப்போது வந்திருப்பது ஒரு வெள்ளைப் பாட்டில். பெயர் இல்லை, எண் மட்டும் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் நன்றாகத் தூங்குவதற்கான களிம்பாம். குளித்ததும் நெஞ்சிலும் முதுகிலும் தடவ வேண்டும். பாப்பாவும் நன்றாகத்தான் தூங்குகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கைக்கு உறை போட்டுக்கொண்டு வேலை செய்.

உன்,
வாயில்லாப் பூச்சி


பிப்ரவரி 14

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எறும்பைப் பற்றிப் படித்துச் சிரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூட வேலை செய்கிறவள் என்னவென்று கேட்டாள். என் தங்கை எறும்புக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறாள் என்றேன்.

அடியே, எறும்பு வராமல் இருந்தால் நல்லதுதானே. ஏதோ வாசனை அதற்குப் பிடித்திருக்காது.

அன்றைக்கு அத்தான் போனில் பாப்பாவைக் காட்டினார். தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு அமைதி. நான் இருந்தபோது அவளை ஒரு மணி நேரம் தூங்க வைப்பதற்குள் என் உயிர் போய் உயிர் வரும். பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது. நான் இல்லாமலும் நன்றாக இருக்கிறாள் என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது, அதையும் உன்னிடம் தானே சொல்ல முடியும்.

அத்தானைத் தொந்தரவு செய்யாதே. அந்தப் பெட்டிகள் வந்த பிறகுதான் அவர் குரலில் தெம்பு தெரிகிறது. வருட முடிவு வரை நான் வர முடியாது. அதுவரை நீங்கள் இரண்டு பேரும் அனுசரித்து இருந்தால்தான் நான் இங்கே நிம்மதியாக நிற்க முடியும். அடுத்த முறை போனில் ஒரு வார்த்தையாவது பேசு. உன் குரலே மறந்துவிடும் போலிருக்கிறது.

முத்தங்களுடன்,
அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அத்தான்தான் வாங்கினார். பிரித்து எனக்கே வாசித்தும் காட்டினார். முடித்ததும், "எறும்புக்கு என்னம்மா ஆச்சு? எங்கிட்ட சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு சோப்பு வரவழைச்சிருப்பேனே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கடிதத்தை என்னிடம் கொடுக்காமல் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனிமேல் கீழ்வீட்டுத் தையல்காரம்மா முகவரிக்கு எழுது. அவர் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பாப்பா காலையில் குளித்ததும் தூங்கினால் மதியம் தாண்டித்தான் எழுகிறாள். நேற்று அவள் தலைமாட்டில் என் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவி விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பாப்பாவின் இமைகூட அசையவில்லை.

அத்தானிடம் எப்படியோ வாயைத் திறந்து கேட்டேன். "அத்தான், அதைக் கொஞ்சமாத் தடவினா போதாதா?"

"கொஞ்சமாத்தாம்மா தடவுறேன். ஒரு ஆளுக்கு ஒரு அமுக்கு. அதுல போட்டிருக்கிற அளவுதான்."

"மூணு தடவை அமுக்கினீங்க, பார்த்தேன்."

"மூணு ஆளு இருக்காங்களே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஒரு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எப்போதாவதுதான் பெட்டி வருமாம். அதனால் மூன்று பிள்ளைகள் என்று பதிந்து வைத்திருக்கிறார். ஒன்று பாப்பா. இன்னொன்று நான், வயதைக் குறைத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவதாக ஒரு பையன், அப்படி ஒருவன் இல்லவே இல்லை.

"அப்போ மூணு பேரைப் பத்தியும் எழுதணும்ல? தடவாமலே நல்லாயிருக்குன்னு எழுதினா அது பொய் இல்லையா? அந்த வேலையெல்லாம் நம்மகிட்ட கிடையாது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அக்கா. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். மூன்று பேரின் சோப்பு, மூன்று பேரின் பவுடர், மூன்று பேரின் களிம்பு. எல்லாம் பாப்பா ஒருத்தி மேல்தான்.

"என் பங்கை எனக்குத் தடவிடுங்க அத்தான்" என்றேன். "உன் தோல் பெரிய ஆளுத் தோல்மா. கணக்கு தப்பாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார்.

நீ ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன்,
வாயில்லாப் பூச்சி


மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வேலையில் கை ஓடவில்லை. உடனே அவரைக் கூப்பிட்டேன். அவர் பாப்பாவைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினார். கண்ணைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்சம் நேரம் எடுத்தது, ஆனால் சிரித்தாள்.

பிறகு அவர் அழுதார். "வேலை போனவன்னு ஊரே பார்க்குது, இப்போ பிள்ளையை வளர்க்கத் தெரியாதவன்னு உன் தங்கச்சியும் சொல்லணுமா?" என்றார். உனக்கு அந்த வீட்டில் அடைந்து கிடந்து அலுத்துவிட்டது என்றும், எப்படியாவது என்னைத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறாய் என்றும் சொல்கிறார். அப்படியா? அப்படியென்றால் நேராகவே எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவளைப் பெற்றவள் நான். என் பிள்ளைக்கு ஏதாவது என்றால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? கடைக்கு வரப்போகும் பொருளில் என்ன கெடுதல் இருந்துவிடும்? உன்னை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். எனக்கே நீ பிள்ளை வளர்ப்பு சொல்லித்தர ஆரம்பித்துவிட்டாய்.

இந்த விஷயத்தை இதோடு விடு.

அக்கா

ஒன்று மட்டும் எழுது. எழுந்த பிறகு நடக்கிறாளா? போனில் அவர் அவளைக் கீழே இறக்கவே இல்லை.


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நடப்பதில்லை. பிடித்து நிற்க வைத்தால் நிற்கிறாள், கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுகிறாள். முன்பெல்லாம் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிவாளே, அது இல்லை. நீ கேட்டதால் எழுதுகிறேன்.

எனக்கு அலுப்பும் இல்லை ஒன்றும் இல்லை. இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு எந்த வீடு இருக்கிறது?

திங்கட்கிழமை அத்தான் புதுப் பெட்டி வாங்க வெளியே போயிருந்தார். பாப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளும்படி தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டு மேலே வந்தேன். அந்தப் பாட்டிலை எடுத்து மூன்று முறை அமுக்கி என் நெஞ்சிலும் முதுகில் எட்டின இடத்திலும் தடவிக்கொண்டேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது, புதுத்துணி மாதிரி. துணி மடிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, தையல்காரம்மா என் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தது. "என்னடி பொண்ணே, கதவு உடையிற மாதிரி தட்டுறேன், செத்தா போயிட்ட?" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து சாவி வாங்கித் திறந்தாராம். வாய் காய்ந்து கிடந்தது. கால் என் கால் மாதிரியே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நான் இவ்வளவு பெரியவள், அக்கா. பாப்பா எவ்வளவு இருக்கிறாள்?

அத்தான் இப்போதெல்லாம் வேடிக்கை பேசுவதில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், அவர் மெல்லப் பாடுவது கேட்கும், பாப்பாவின் சத்தம் மட்டும் வராது. நேற்று என்னைத் தாண்டிப் போகும்போது, "எழுதுற கை ரொம்ப அரிக்குது போல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிறுத்தச் சொல். திட்டிச் சொல், அழுது சொல், எப்படியாவது சொல்.

உன்,
வாயில்லாப் பூச்சி


மார்ச் 26

அன்புத் தங்கைக்கு,

சொல்லிவிட்டேன். பாப்பா தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தார், அந்தப் பாட்டிலை இனித் தொடுவதில்லை என்று. எனக்கு அது போதும். உனக்கும் போதும்.

நீ எழுதியதைப் படித்த இரவிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவாள், அப்புறம் நம் வீட்டில் யாருக்குமே வேலை இல்லை. நான் இங்கே இருந்துகொண்டு அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? நம்பித்தான் ஆக வேண்டும். உனக்குப் புரிகிறதா? நான் நம்பித்தான் ஆக வேண்டும்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே. பாப்பாவின் முடியைப் பற்றி எழுது, என்ன சாப்பிட்டாள் என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

இது பெரிய ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரி. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், பாப்பா உள்ளே இருக்கிறாள். மூச்சு இருக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். டாக்டரம்மா பாட்டில்களை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

அத்தான் சத்தியத்தை மீறவில்லை. அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை. புதுப் பெட்டியில் வேறு எண் போட்ட பாட்டில் வந்திருந்தது. "இது வேறம்மா, இதுக்கு நான் எந்தச் சத்தியமும் பண்ணலை" என்றார். இதுவும் மூன்று பேருக்கு.

இன்று காலை குளிப்பாட்டிக் கொண்டுவந்து படுக்க வைத்தார். நான் பால் ஆற்றிக்கொண்டு போனேன். உதட்டில் கரண்டியை வைத்தேன், பால் ஒரு பக்கமாக வழிந்தது. நகம் எல்லாம் வேறு நிறமாக இருந்தது. தூக்கினேன், தலை நிற்கவில்லை.

அத்தான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். "எழுப்பாதேம்மா. எவ்வளவு நேரம் தூங்குறான்னு பார்த்துத்தான் முடிக்கணும்" என்றார். இல்லாத அந்தப் பையனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார் போல.

இரண்டு பாட்டில்களையும் எடுத்துத் துணிப்பையில் போட்டேன். பாப்பாவைத் தோளில் சாய்த்துப் போர்வையால் சுற்றினேன். செருப்பு மாட்டும்போது அவர் திரும்பிப் பார்த்தார். "எங்க போற? கடைக்குப் போயி உப்பு கேட்கவே உனக்கு வாய் வராது. தெருமுனையில நின்னுட்டுத் திரும்பி வா, போ" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதக் குனிந்தார். என்னைப் பிடிக்க வரவில்லை. நான் போவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தையல்காரம்மா கடை இன்னும் திறக்கவில்லை. நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஓடினேன். அவளுடைய மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்று நின்று நின்று பார்த்துக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு எழுதும் அம்மா இருந்தார். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். என் முறை வந்தது. போர்வையைப் பார்த்தார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பா, அம்மா யாராவது வந்தாத்தான் உள்ள அனுப்ப முடியும். குழந்தைக்கு நீ யாரு?"

பின்னால் வரிசை நின்றது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"உன்னத்தாம்மா கேக்குறேன். யாரு?"

"அம்மா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடி ஓட்டைக்குக் கிட்டே போய், இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.