பான்கேக் செவ்வாயும் ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனும்

த்ரீ கிங்ஸ், ஆக்லாந்து.
11.02.1997 செவ்வாய், மாலை 7.40. சுட்ட பான்கேக் 212, கருகியது 9.

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அம்மாவும் கொழும்பில் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் ஞாயிறு ரெலிபோனில் நீ இரண்டு சொல்லோடு நிறுத்தி அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். அம்மாதான் சொன்னா, அங்கே வர விசா கிடைக்க வேண்டும் என்று பிள்ளை நேர்த்தி வைத்திருக்கிறாள், வாற விபூதிப் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் உங்களோடை கதைக்க மாட்டாளாம், ஆக விருப்பமானதைத்தானே விடவேணும் எண்டு நிக்கிறாள், நான் என்ன செய்ய என்று. எனக்கு வந்த கோபத்துக்கு வாயைத் திறந்தால் பிழையாகிவிடும் என்று ரெலிபோனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே தவக்காலத்துக்கு முந்திய நாளைப் பான்கேக் செவ்வாய் என்கிறார்கள். வேலை முடிந்து நேரே கோயில் மண்டபத்துக்குப் போனேன். அடுப்பில் நானும் பற்றிக் மாமாவும், மன்னாரில் நம் பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு முன்பே இங்கு வந்தவர், நினைவிருக்கும். முதல் ஒன்பதையும் கருக்கியது நான்தான். பிரிட்ஜ் திருத்திறவனை அடுப்படியிலை விட்டா இப்பிடித்தான் என்று மாமா வரிசையில் நின்ற வெள்ளைக்காரருக்குத் தமிழிலேயே விளக்கம் சொன்னார், அவர்களும் தலையாட்டினார்கள். ஏன் இன்றைக்கு மட்டும் இது என்று ஃபாதரைக் கேட்டேன். அந்தக் காலத்து ஐரோப்பாவில் நோன்பு என்றால் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்காம். நோன்புக்கு முந்திய இந்தக் கொண்டாட்டத்துக்கு அங்கே வைத்த கார்னிவல் என்ற பெயரும் இறைச்சியை அகற்றுவது என்ற பழைய லத்தீனிலிருந்து வந்ததாம். நமக்குக் கார்னிவல் என்றால் ராட்டினமும் லொத்தர் சீட்டும்தானே. குளிர்காலத்தைத் துரத்த ஆடிய இன்னும் பழைய கூத்து என்று சிலர் சொல்வதாகவும், அதற்கு ஆதாரம் போதாது என்றும் சொன்னார். எனக்கு என் தொழில் கணக்கே போதும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் நோன்பு முடியுமட்டும் வெண்ணெய் நிற்காது, ஆகவே இருப்பதையெல்லாம் மாவில் கலந்து பான்கேக்காகச் சுட்டு, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டுத் தின்று தீர்த்தார்கள். சில ஊர்களில் முகமூடியும் போட்டார்கள், எசமான் யார் வேலைக்காரன் யார் என்று தெரியாமல் ஒரே தெருவில் ஆட.

இதில் ஒன்றைக் கவனி. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டு வெண்ணெயைத்தான் விட்டார்கள், பக்கத்து வீட்டுச் சட்டியைத் தூக்கிக் கவிழ்க்கவில்லை. ரெலிபோனுக்கு இரண்டு முனை உண்டு பிள்ளை. உன் முனையை நீ கழற்றினால் என் முனையும் செத்துப்போகும். நேர்த்தி உன்னுடையது, தண்டம் கட்டுவது நான். என்னை ஒரு சொல் கேட்டாயா? விசாக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவது ஒரு அதிகாரி, கடவுளோடு விலை பேசித் தாமதத்தைக் குறைக்க முடியாது. ஆனாலும் நீ விடுவதற்கு ஆக விருப்பமானதைத் தேடியபோது என் குரல்தான் அகப்பட்டது என்று அம்மா சொன்னது இரண்டு நாளாக என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

நேர்த்தியை முறிக்கப் பயப்படுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதற்கும் ஃபாதரைக் கேட்டேன். நாளை தொடங்கி உயிர்ப்புக்கு முந்திய சனி வரை எண்ணிப் பார், நாற்பத்தாறு வரும். தவக்காலம் நாற்பதுதானே, மிச்சம் ஆறும் எங்கே? ஆறும் ஞாயிறு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், நோன்புக் கணக்கில் சேராது என்றார். நான் ரெலிபோன் எடுப்பது என்றைக்கு? இது என் தந்திரம் அல்ல, திருச்சபையின் கணக்கு.

கடிதம் வந்து சேரப் பத்து நாளாகும், அதற்குள் ஒரு ஞாயிறு போய்விடும், போகட்டும். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்காதே, அம்மாவின் கால் வீக்கத்துக்கு மருந்து எடுக்க மறக்காதே. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். நான் செய்யப்போவது இது:

1. நாளை வேலைக்குப் போகும் வழியில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வேன்.

2. வெள்ளிக்கிழமை குடிவரவு அலுவலகத்துக்கு மறுபடி போவேன்.

3. அங்கே கவுண்டரில் குரல் உயர்த்த மாட்டேன். என் தவக்கால நோன்பு அதுதான், எனக்கு அதைவிடக் கஷ்டமானது வேறு இல்லை.

4. ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் காலை ஒன்பது மணிக்கு, நீங்கள் பூசை முடிந்து வந்ததும், நீங்கள் வழமையாக வந்து கதைக்கும் குலசிங்கத்தாரின் கடைக்கு ரெலிபோன் எடுப்பேன். அம்மாவோடு கதைத்து முடித்த பிறகும் வைக்க மாட்டேன். உனக்கு இன்னும் மனம் வராவிட்டால் கதைக்க வேண்டாம். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நில், நான் கதைக்கிறேன்.

உன் அப்பா,
அன்றூ