மாத்திரைக்கு எழுப்பியவள்

மில்டூரா,
மார்ச் 3

என் அன்பு லோசேலிக்கு,

கைபேசி வாய்க்காலில் விழுந்து செத்துப்போனது. அதனால்தான் ஊருக்குக் கிளம்புகிறவனிடம் இந்தக் கடிதம். இடது பக்க ஞானப்பல்லை அறுத்து எடுத்துவிட்டார்கள். கன்னம் ஈரப்பலா அளவுக்கு வீங்கிவிட்டது. திராட்சை பறிக்கப் போகவில்லை. மரத்துப்போன கன்னத்துக்கு உணர்வு வருவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போடச் சொன்னார் டாக்டர். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. ஒரு வேளைகூடத் தவறவில்லை. கஞ்சிதான் சாப்பாடு. நீ கவலைப்படாதே. பிள்ளைக்கு முத்தம்.

உன் சாமிசோனி


நெயாஃபு,
மார்ச் 9

சாமிசோனிக்கு,

வலி இல்லாததில் சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராத்திரி மாத்திரைக்கு உன்னை எழுப்பியது யார்? புயலில் கூரை பறந்தபோதும் குறட்டை விட்டவன் நீ. கைபேசியும் இல்லை. உன் அறைக்காரர்கள் உன்னைவிடப் பெரிய தூங்குமூஞ்சிகள். கஞ்சி வைத்தது யார்? உனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே.

அக்கா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "மாத்திரை தானா எந்திரிச்சு வந்து அவன் வாயில குதிச்சுதாக்கும்? எவளோ ஒருத்தி இருக்காடி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிகிறது. பெயரை எழுது.

லோசேலி


மில்டூரா,
மார்ச் 16

என் லோசேலிக்கு,

பெயர் மெலேனைதே. எங்கள் விடுதியில் சமைக்கிறவள், நம் நாட்டு ஹாபாய் தீவுக்காரி, புருஷனை இழந்தவள். வேளை தவறாமல் வந்து கதவைத் தட்டுவாள், அவ்வளவுதான்.

பல் எடுத்த அன்றே பையன்கள் காவா வேரைக் கரைத்துவிட்டுக் குடிக்கக் கூப்பிட்டார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். "ராத்திரிக்குக் குடுத்த மாத்திரையே ஆள அசத்துது, அதுமேல காவா வேறயா? பொணமாத்தான் ஊருக்குப் போவ!" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டிவிட்டாள். வீக்கம் வற்றியதும் கிருமிக்கான மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். அதற்கும் திட்டு. "முழுசா முடிடா, அப்புறம் பேசு." சத்தியமாக வேறொன்றும் இல்லை. நீ இப்படி எரிவாய் என்று தெரிந்துதான் முதலில் எழுதவில்லை.

வலது பக்கப் பல்லையும் எடுக்க ஏப்ரலில் வரவேண்டுமாம். துணைக்கு வருகிறேன் என்கிறாள்.

உன் சாமிசோனி


நெயாஃபு,
மார்ச் 24

சாமிசோனிக்கு,

அவள் உன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் நன்றி சொன்னதாகச் சொல். நானே முடைந்த விசிறி ஒன்றை அனுப்புகிறேன், அவளிடம் கொடு. மனமில்லாமல்தான் முடைந்தேன், அதையும் சொல்லலாம்.

ஆனால் கதவைத் தட்டினால் நீ எழமாட்டாய். கல்யாணமான நாளிலிருந்து உன்னை எழுப்புகிறவள் நான். தோளை உலுக்கவேண்டும், காதைத் திருகவேண்டும், அதற்கும் அசையாவிட்டால் மூக்கைப் பிடிக்கவேண்டும். அவள் எதுவரை போனாள் என்று நான் கேட்கமாட்டேன். நீயும் எழுதாதே.

அந்த வலது பக்கப் பல்லை அங்கே யாரும் தொடக்கூடாது. அறுவடை முடிந்ததும் பல்லோடு ஊருக்கு வா. இங்கே ஆஸ்பத்திரியில் எடுக்கலாம். மாத்திரையை நான் தருகிறேன்.

அதுவரை வலித்தால் வலிக்கட்டும்.

லோசேலி