பாய்லர் நின்ற நாள்

நவம்பர் 4, நரீன்

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. டிசம்பரிலிருந்து நம் ஆஸ்பத்திரியின் துப்புரவு, சலவை, சமையல், பாய்லர் எல்லாம் தலைநகர் பிஷ்கெக்கிலுள்ள ஒரு கம்பெனியின் பொறுப்பு. அவர்களை மேற்பார்வையிடுவது நான்.

சலவைக்கூடத்தில் போய்ச் சொன்னேன். எல்லார் எதிரிலும் புருல்சுன் அண்ணி கேட்டாள்: “எங்களையும் சேர்த்து வித்துட்டியா, ஜீபெக்?”

யாருக்கும் வேலை போகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன் அண்ணி, என்றேன். ஈரத் துணியை உதறினாள்.

நவம்பர் 10

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 6

யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் வார்டுக்குக் கஞ்சி ஆறிப்போய் வருகிறது. தலைமை மருத்துவர், “இதுக்குத்தானா ஜீபெக் இவ்வளவு அலைஞ்சீங்க?” என்றார். கம்பெனி மேலாளர், டானியார் என்று பெயர், பாவம், மூடி போட்ட பாத்திரம் தேடி ஊரெல்லாம் ஓடினான். நான் தப்பு செய்துவிட்டேனா?

ஜனவரி 14



காலையில் பாய்லர் நின்றுவிட்டது. வெளியே கடுங்குளிர். மாடியில் பச்சைக் குழந்தைகள். முன்பெல்லாம் இப்படி நின்றால் அதிகாரிகளுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். இன்றும் போனைத்தான் எடுத்தேன்.

டானியார் கையைப் பிடித்தான். “வைங்க அக்கா. எங்க மெக்கானிக்குங்க பம்ப்போட கிளம்பிட்டாங்க.”

“மலைப்பாதை மூடியிருக்குன்னு சொல்றாங்களேப்பா!”

“பனி தள்ற வண்டி முன்னால போகுது. பின்னாலயே வர்றாங்க.”

வராவிட்டால்? மாடிக்கு ஓடினேன். படியில் அண்ணி! மார்போடு கம்பளிகளை அணைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சூடாக்கியவை. பின்னால் சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லாரும். ஆறியதை வாங்கிக்கொண்டு போவதும் சூடானதைக் கொண்டுவருவதுமாக இருந்தார்கள்.

“அண்ணி...” என்றேன்.

“வழியில நிக்காத. கதவைச் சாத்து, குளிர் வருது.”

இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மதியம் தாண்டி வண்டி வந்தது, கண்ணாடியெல்லாம் உறைபனி. இருட்டும் நேரத்தில் குழாயைத் தொட்டுப் பார்த்தேன் — வெதுவெதுப்பு. அப்படியே அதில் கன்னத்தை வைத்து அழுதேன். குழந்தைகள் எல்லாம் நலம். எல்லாம்.

ஜனவரி 15

தூங்கினேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 18

அண்ணிக்கு டானியாரோடு சண்டை. இன்னொரு உலர்த்தும் இயந்திரம் வேண்டுமாம். “அக்கா, உங்களை விட உங்க அண்ணிதான் பெரிய அதிகாரி” என்று என்னிடம் வந்து புலம்பினான். வாங்கித் தருகிறானாம். கஞ்சியும் இப்போது சூடாகத்தான் வருகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

மார்ச் 20

நாளை நூரூஸ், வசந்தப் புத்தாண்டு. சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். “சுமலாக் அடுப்புல ஏத்தியாச்சு. கிளற ஆள் பத்தல. மேலாளரம்மாவுக்கு நேரம் இருக்குமா?”

கோட்டைக்கூடச் சரியாக மாட்டவில்லை, ஓடினேன். முற்றத்தில் பெரிய கொப்பரை நிறைய சுமலாக், ராத்திரி முழுக்கக் கிளற வேண்டிய முளைக்கோதுமைக் களி. கரண்டியை என் கையில் திணித்தாள். “நல்லா அடி வரைக்கும் கிளறுடி. பிடிச்சுதுன்னா உன்னைத்தான் சொல்லுவேன்.”

தோள் வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.