கீர்த்தி வாய் வச்ச பால்

கீர்த்தி,

சோறு குக்கர்ல இருக்கு, காரக்கொழம்பு சட்டியில இருக்கு. வெளிய போனா சாவிய மீட்டர் பொட்டி மேல வச்சிட்டுப் போ. உன் பல்லுக்குக் கம்பி போட்ட டாக்டரம்மாவப் பாக்க மதகடிப்பட்டு பஸ்ஸு புடிக்கறேன். கத்தாதடி, நான் மட்டுந்தான் போறேன்.

கம்பி மேல கண்ணுக்கே தெரியாத வெள்ளித்தூள் பூசியிருக்கு, வாயில கிருமி அண்டாதுன்னு அந்தம்மா சொன்னப்ப எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா நீ கரண்டிய நக்கிட்டுத் திரும்ப உள்ள வுட்டியே, அந்தப் பாலு எவ்ளோ உறை ஊத்தியும் தயிராவல. அன்னிக்கி எச்சில் பண்ணிட்டன்னுதான் உன்னத் திட்டினேன். இப்ப மோந்து பாத்தா புளிப்பு வாசனையே இல்ல, இப்பதான் கறந்த மாதிரி இருக்கு.

கோவத்துல நீ ஒரு கடி கடிச்சி ஜன்னல்ல வச்ச கொய்யாவப் பாரு. பக்கத்துல இருந்த முழுப்பழம் அழுவிப்போச்சு. உன்னுது கடிச்ச எடங்கூட கருக்கல. எறும்பு கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போவுது.

ஜெயா அத்த உறை மோர் கேட்டு வருவாங்க. இல்லன்னு சொல்லிடு. உள்ள வுடாத.

அம்மா

மறந்துட்டேன், இட்லி ஊத்தாத. என் கை பட்டா மாவு பொங்கி வழியும்னு தெருவே என்னத்தான் கூப்புடும். நேத்து சமாதானமா உனக்குச் சோறு ஊட்டிட்டு, நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் மாவு கரைச்சேன். வச்சது வச்ச மாதிரியே கெடக்குடி.