கொல்லையில் ஒரு குத்து வெள்ளறுகு

சுபானு வருசம், புரட்டாசி 12
சப்பான் குண்டுக்குப் பயந்து ரங்கூனை விட்டுச் சனம் நடந்தே வந்ததுக்கு மறுவருசம் இது. அரிசிக்கு அட்டை. குளிர்காய்ச்சலுக்குத் தர்ற கொய்னா மாத்திரை முழுக்கச் சண்டைக்குப் போயிருச்சு, ஆசுபத்திரியில் இல்லை. என் வீட்டுக்காரி அழகம்மாளுக்கு முறைக்காய்ச்சல், நாள் விட்டு நாள் குளிரோடு வருது. வருகிற நாளைக் குறிக்கச் சொன்னார் வாடிப்பட்டி வைத்தியர். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் செல்லக்கிளி எழுதுகிறாள். அவள் புருசன், என் மகன் முத்திருளன் ரங்கூனிலிருந்து கிளம்பினான், வந்து சேரவில்லை. இந்த வரிக்கு அவள் கை நின்றுவிட்டது.

புரட்டாசி 15
கண்மாய்க்கரை உவர்நிலத்தில் வெள்ளறுகு பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். காய்ச்சலுக்கு இப்போது அதன் கசப்புதான் கதி. ஊரே வேரோடு பிடுங்கிவிட்டது. முள்ளுக்கடியில் ஒரு குத்து தப்பியிருந்தது. மண்ணோடு பெயர்த்து வந்து கொல்லையில் வைத்தேன்.

புரட்டாசி 20
செல்லக்கிளி அதுக்குச் சாணம் போட்டிருக்கிறாள். "கொழுத்த மண்ணு ஆகாது தாயி." அள்ளி எறிந்துவிட்டு உவர்மண் அணைத்தேன். பக்கத்து வீட்டு விருமாண்டி எட்டிப் பார்த்து, "ஊரு நெல்லுக்கு அலையுது, மாமா கசப்புக்குத் தண்ணி ஊத்துறாக!" என்றான். "ஒனக்கும் குளிரட்டும், அப்ப வா மாப்ள."

புரட்டாசி 29
வேர் பிடித்தது.

ஐப்பசி 3
கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ. பூத்த பிறகுதான் முழுக் கசப்பு ஏறும். இன்றே காய்ச்சுகிறேன் என்றேன். அழகம்மா விடவில்லை. "ஞாயித்துக்கெழம விடிய, செடிக்கு மஞ்சக்கயித்துல காப்புக் கட்டி, அதுகிட்ட உத்தரவு கேட்டுப் பறிக்கணும். எங்கய்யா அப்படித்தான் பறிப்பாரு. இல்லாட்டி மருந்து மண்ணாப் போகும்." குளிர்ல பல் கிட்டுது, அப்பவும் இதையே சொல்றா. சரின்னுட்டேன்.

ஐப்பசி 5
கயிறு திரித்து மஞ்சள் தேய்த்தாயிற்று. "மறந்துராதீக" என்றாள் அழகம்மா.

ஐப்பசி 6
சனிக்கிழமை. கோழி கூப்பிடுமுன்னே போயிட்டா. செடி மழையில பூத்து நிக்குது. ஏன் அவ பேச்சைக் கேட்டேன்? ஒரு வாய் குடுத்திருந்தா — யார்கிட்டப் போய்க் கேக்க?

கார்த்திகை 16
எழுதுகிறவளே காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள், அதனால் இத்தனை நாள் எழுதவில்லை. அவளுக்குக் குளிர் கண்ட அன்றைக்கு நான் நாள் பார்க்கவில்லை, கயிறு கட்டவில்லை. செடிகிட்ட ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொத்தக் குத்தையும் பிடுங்கிக் காய்ச்சினேன். கக்கினாள். மறுபடி கொடுத்தேன்.
"கொடலு வெளிய வருது மாமா."
"வரட்டும், முழுங்கு."
காய்ச்சல் விட்டது. மருந்தா, அவள் வயசா, தெரியவில்லை.

மார்கழி 4
எனக்கும் வந்துருச்சு. கொல்லையில் வெறும் மண். கண்மாய்க்கரையில் தேடிப் பார்த்துட்டு வாரேன்னு மருமக நிக்கிறா. அங்கே ஒரு வேர்கூட இல்லைன்னு எனக்குத் தெரியும். உக்காரு தாயி, இதை மட்டும் எழுதிரு. இந்த வீட்டில் மிச்சம் யாருன்னு பின்னால எவனாச்சும் கேட்டா, பதில் இருக்கணும். அழுகாம எழுது, உம் பேருதான். செல்லக்கிளி.